காட்டைக் கடந்து வரும் பெண்கள்

இளவரசன் வந்து மீட்பதுதான் தேவதைக் கதை என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். பழைய வடிவங்களைத் தேடிப் படித்தால், அந்தக் கதைகளின் நாயகிகள் வளர்ந்த விதமே வேறு.

சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாயிடமிருந்து காப்பாற்றியது யார்? பிள்ளைகளைக் கேட்டால் வேட்டைக்காரர் என்பார்கள். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட கதையில் அப்படித்தான் வருகிறது. தூங்கும் ஓநாயின் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டி, பாட்டியையும் பேத்தியையும் அவர் வெளியே எடுக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால், 1697-இல், பிரான்ஸில் ஷார்ல் பெரோ எழுதிய கதையில் காப்பாற்ற யாருமே வரவில்லை. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது. இனிக்கப் பேசும் ஆண்களிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்று இளம்பெண்களுக்கு ஒரு நீதிப் பாட்டோடு கதை முடிகிறது.

மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. பிரான்ஸின் நியேவ்ர் வட்டாரத்தில் 1885 வாக்கில் கிராமத்து மக்களின் வாயிலிருந்து கேட்டு எழுதப்பட்டு, பால் தெலாரூ என்ற நாட்டாரியல் அறிஞரால் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதில் சிவப்புத் தொப்பி இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. பாட்டிக்கு ரொட்டியும் பாலும் எடுத்துப்போகும் பெண் வழியில் ஓநாய் மனிதனைச் சந்திக்கிறாள். ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா என்று அவன் கேட்கிறான். அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, பாட்டியைக் கொன்றுவிட்டு, பாட்டியின் இடத்தில் படுத்திருக்கிறான். பெண் ஏமாந்து படுக்கை வரை போய்விடுகிறாள். உடம்பில் ஏன் இத்தனை ரோமம், தோள் ஏன் இவ்வளவு அகலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது உண்மை உறைக்கிறது. அவள் கத்தவில்லை. வெளிக்குப் போக வேண்டும் என்கிறாள். படுக்கையிலேயே போ என்கிறான் அவன். மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். காலில் கம்பளி நூலைக் கட்டி அனுப்புகிறான். முற்றத்துக்கு வந்ததும் நூலின் நுனியைப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு ஓடுகிறாள். அவன் துரத்திக்கொண்டு வந்து சேரும்போது அவள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள்.

தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்ட இந்தப் பெண்ணைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். அவள் முதலில் ஏமாந்தவள்தான். ஆனால் கண்ணால் கண்டதை மறுக்கவில்லை. பயத்தை முகத்தில் காட்டாமல், எதிரி நம்பும்படி ஒரு காரணம் சொல்லி, வெளியே வந்து, முடிச்சை அவிழ்த்தாள். மனம் முதிர்வது என்று நாம் சொல்வதெல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடுகிறது.

ஊசியும் குண்டூசியும் வெறும் வேடிக்கைக்காகக் கதைக்குள் வரவில்லை என்று பிரெஞ்சு மானிடவியலாளர் இவோன் வெர்தியே விளக்கினார். பிரெஞ்சுக் கிராமங்களில் பதினைந்து வயதை ஒட்டிய பெண்களை ஒரு குளிர்காலம் முழுக்கத் தையல்காரியின் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. தையலோடு சேர்த்து நடை, உடை, பேச்சு, பெண்ணுக்குத் தெரியவேண்டிய மற்ற சங்கதிகள் எல்லாம் அங்கே கிடைக்கும். குண்டூசி அந்தப் பருவத்தின் அடையாளம். ஊசி அதற்கு அடுத்த பருவத்தின் அடையாளம். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு இது தங்கள் வயதைப் பற்றிய கதை என்று சொல்லாமலே புரிந்திருக்கும்.

கிரிம் சகோதரர்களின் கதைக்கே பலர் படிக்காத ஒரு பின்பகுதி இருக்கிறது. இன்னொரு நாள், இன்னொரு ஓநாய். இந்தமுறை சிறுமி பாதையைவிட்டு விலகவில்லை. நேராகப் பாட்டி வீட்டுக்குப் போய், ஓநாயின் பார்வையே சரியில்லை என்று சொல்கிறாள். இருவரும் கதவைத் தாழிடுகிறார்கள். ஓநாய் கூரையேறிக் காத்திருக்கிறது. முந்தின நாள் சாஸேஜ் வேகவைத்த தண்ணீரைச் சிறுமி வாளி வாளியாகக் கொண்டுவந்து வாசலில் இருந்த பெரிய கல்தொட்டியில் ஊற்றுகிறாள். வாசனைக்கு எட்டிப்பார்த்த ஓநாய் வழுக்கித் தொட்டியில் விழுந்து மூழ்குகிறது. முதல் கதையில் ஏமாந்தவள் இரண்டாவது கதையில் கற்றுக்கொண்டவளாக நிற்கிறாள். படப்புத்தகங்களில் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் காண முடிவதில்லை. ஏமாந்தது மட்டும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது.

பொம்மைக்குச் சோறிட்ட வாசிலிசா

ரஷ்ய நாட்டார் கதைகளை அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவற்றில் ஒன்று அழகி வாசிலிசாவின் கதை. எட்டு வயதில் தாயை இழக்கிறாள். சாகும் தறுவாயில் தாய் ஒரு சிறு பொம்மையைக் கொடுத்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள், துன்பம் வந்தால் அதற்குச் சாப்பிடக் கொடுத்துவிட்டு யோசனை கேள் என்கிறாள். சிற்றன்னையும் அவளுடைய இரண்டு மகள்களும் ஒரு நாள் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, காட்டுக்குள் இருக்கும் பாபா யாகா என்ற சூனியக் கிழவியிடம் நெருப்பு வாங்கிவரச் சொல்லி வாசிலிசாவைத் துரத்துகிறார்கள்.

கோழிக்கால்களின் மேல் நிற்கும் குடிசை, மனித எலும்பால் வேலி, வேலிமேல் கண்கள் ஒளிரும் மண்டையோடுகள். பாபா யாகா வேலை கொடுக்கிறாள். முற்றம் பெருக்க வேண்டும், சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கோதுமையில் கலந்திருப்பதைப் பொறுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், கசகசாவிலிருந்து மண்ணைப் பிரிக்க வேண்டும். முடியாவிட்டால் அவளையே தின்றுவிடுவாளாம். வாசிலிசா தன் சாப்பாட்டில் கொஞ்சம் பொம்மைக்கு ஊட்டிவிட்டு அழுகிறாள். கிழவி வெளியே போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தக் கதையின் உயிர். ஏதாவது கேட்க வேண்டுமானால் கேள், எல்லாக் கேள்வியும் நன்மையில் முடியாது என்கிறாள் கிழவி. வழியில் பார்த்த வெள்ளைக் குதிரைக்காரன், சிவப்புக் குதிரைக்காரன், கறுப்புக் குதிரைக்காரன் யார் என்று வாசிலிசா கேட்கிறாள். பகல், சூரியன், இரவு என்று பதில் வருகிறது. வீட்டுக்குள் மாயமாய்த் தோன்றி வேலை செய்யும் மூன்று ஜோடிக் கைகளையும் அவள் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே பார்த்ததை மட்டும் கேட்டாய், பிழைத்தாய் என்கிறாள் கிழவி. நீ எப்படி இத்தனை வேலையையும் முடித்தாய் என்று கிழவி திருப்பிக் கேட்டதும், அம்மாவின் ஆசியால் என்கிறாள் வாசிலிசா. அது உண்மை. பொம்மையின் ரகசியமும் காப்பாற்றப்பட்டது.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது, எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த பெண் இவள். அடங்கிப்போன பெண்ணின் மௌனத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது. ஆபத்தான ஒருவருக்கு முன்னால் தன் உள்ளே இருப்பதைத் தானே காவல் காக்கும் மௌனம் இது. அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் கிளாரிஸா பின்கோலா எஸ்டெஸ் 1992-இல் எழுதிய நூலில் அந்தப் பொம்மையைப் பெண்ணின் உள்ளுணர்வு என்று விளக்கினார். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குச் சோறு ஊட்டும் பழக்கம். தன் உள்ளே பேசும் குரலுக்குத் தினமும் கொஞ்சம் கொடுத்துவந்தால்தான் இக்கட்டில் அது பேசும்.

வேலியில் இருந்த மண்டையோடு ஒன்றில் கிழவி கொடுத்த நெருப்போடு வீடு திரும்பியதும், அந்த மண்டையோட்டின் பார்வை சிற்றன்னையையும் மகள்களையும் விடாமல் துரத்திச் சாம்பலாக்குகிறது. வாசிலிசா அந்த மண்டையோட்டைப் புதைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போய் ஒரு மூதாட்டியோடு வாழ்கிறாள். நூல் நூற்று மெல்லிய துணி நெய்கிறாள். அந்தத் துணியில் சட்டை தைக்க ஆள் கிடைக்காமல் போக, அவளே தைத்துக் கொடுக்கிறாள்; ஜார் மன்னன் ஆளனுப்பி அவளை வரவழைக்கிறான். கையில் தொழிலும் மனதில் நிதானமும் வந்த பிறகுதான் கல்யாணம் வருகிறது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய கெர்டா

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1844-இல் எழுதிய ‘பனி ராணி’யில் நாயகிக்குக் கல்யாணமே கிடையாது. கெர்டா என்ற சிறுமியின் பக்கத்து வீட்டுத் தோழன், ‘கை’ என்ற சிறுவனின் கண்ணிலும் நெஞ்சிலும் சாத்தானுடைய கண்ணாடியின் சில்லுகள் தைத்துவிடுகின்றன. அதன்பிறகு அவனுக்கு எல்லாம் அசிங்கமாகத் தெரிகிறது. கெர்டாவைக் கேலி செய்கிறான், ரோஜாவைப் பிய்த்துப் போடுகிறான், கடைசியில் பனி ராணியின் சறுக்குவண்டியோடு போய்விடுகிறான். கெர்டா அவனைத் தேடிக் கிளம்புகிறாள்.

அவளுக்கு வந்த முதல் தடை பனியும் குளிரும் அல்ல. அன்பான ஒரு கிழவியின் பூந்தோட்டம். சின்னப்பெண் ஒருத்தி வேண்டும் என்று ஏங்கிய அந்தக் கிழவி தங்கச் சீப்பால் கெர்டாவின் தலையை வாருகிறாள். வார வார நினைவு மங்குகிறது. ரோஜாவைப் பார்த்தால் ‘கை’ நினைவுக்கு வந்துவிடுவான் என்று ரோஜாச் செடிகளை மண்ணுக்குள் மறைத்துவிடுகிறாள். தன் தொப்பியில் வரைந்திருந்த ரோஜாவை மறைக்க மட்டும் மறந்துவிடுகிறாள். அதைப் பார்த்ததும் கெர்டாவுக்கு எல்லாம் திரும்புகிறது. வெளியே ஓடிவந்தால் இலையுதிர்காலம்.

வளரும் பெண்ணைத் தடுத்து நிறுத்துவது கொடுமை மட்டும் என்று எண்ணுகிறோம். வளராமல் வைத்துக்கொள்ளும் பாசமும் தடுக்கும் என்பதை ஆண்டர்சன் கண்டு எழுதினார். கெர்டா அந்தக் கிழவியோடு சண்டை போடவில்லை, பழி சொல்லவில்லை. தன் காலம் கழிந்துகொண்டிருப்பதை உணர்ந்து, வெறுங்காலோடு நடந்தாள். பெற்றோர்களாகிய நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

பின்னால் ஒரு கலைமான் அவளைச் சுமந்துபோகிறது. ஃபின்லாந்து மூதாட்டி ஒருத்தியிடம், இவளுக்குப் பன்னிரண்டு ஆட்களின் பலம் வரும்படி ஏதாவது கொடுங்கள் என்று அது கெஞ்சுகிறது. அவளிடம் ஏற்கெனவே உள்ளதைவிடப் பெரிய பலம் எதையும் என்னால் தர முடியாது என்கிறாள் மூதாட்டி. பனி ராணியின் மாளிகையில் கெர்டாவின் சூடான கண்ணீர் ‘கை’யின் நெஞ்சில் இருந்த சில்லைக் கரைக்கிறது. அவனும் அழுகிறான்; கண்ணில் இருந்த சில்லும் வெளியேறுகிறது. ஊர் திரும்பி, பழைய வாசலுக்குள் நுழையும்போதுதான் இருவரும் தாங்கள் பெரியவர்களாகிவிட்டதைக் கவனிக்கிறார்கள்.

கெட்டுப்போன ஆணைப் பொறுத்துப்போய்த் திருத்துவது பெண்ணின் வேலை என்று இந்தக் கதையைப் படித்துவிடும் ஆபத்து உண்டு. கெர்டா வீட்டில் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டிருக்கவில்லை. ஆற்றைக் கேட்டாள், காக்கையைக் கேட்டாள், கொள்ளைக்காரியின் மகளோடு சிநேகம் கொண்டாள், உலகத்தைப் பார்த்தாள். அவளுடைய அன்புக்கு நடையும் துணிவும் இருந்தன.

பிழைக்குப் பின் ஒரு வழி

நார்வே நாட்டின் அஸ்பியோர்ன்சனும் மோவும் தொகுத்த ‘சூரியனுக்குக் கிழக்கே, சந்திரனுக்கு மேற்கே’ என்ற கதையின் நாயகிக்குப் பெயர்கூட இல்லை. வெள்ளைக் கரடியோடு வாழப் போனவள், இரவில் மட்டும் மனிதனாகும் அவன் முகத்தைப் பார்க்கத் தாயின் பேச்சைக் கேட்டு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். அவன் சட்டையில் மூன்று சொட்டு மெழுகு விழுகிறது. சாபம் தீர ஓராண்டு பொறுத்திருந்தால் போதும் என்ற நிலையில் எல்லாம் கெட்டுப்போகிறது. அவன் வழியே இல்லாத ஒரு கோட்டைக்குப் போயாக வேண்டும்.

அவள் தன்னை நொந்துகொண்டு கிடக்கவில்லை. தேடி வரலாமா என்று கேட்டுவிட்டு நடக்கிறாள். மூன்று மூதாட்டிகள் தங்க ஆப்பிளும் கம்பளி சீவும் சீப்பும் ராட்டையும் கொடுக்கிறார்கள். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கு காற்றுகளும் கைமாற்றி அவளைச் சேர்க்கின்றன. கடைசியில் சோதனை எது தெரியுமா? அந்த மெழுகுக் கறையைத் துவைக்க வேண்டும். பூதத்தின் மகள் துவைக்கத் துவைக்கச் சட்டை கறுக்கிறது. கறையை உண்டாக்கியவள் கை பட்டதும் வெளுக்கிறது. தான் செய்த தவற்றைத் தானே கழுவுவதற்கு உலகத்தின் விளிம்பு வரை நடக்கலாம் என்று பெண்ணுக்குச் சொல்லும் கதை எத்தனை பெரிய ஆறுதல்!

அச்சில் சுருங்கியவை

இத்தனை திடமான பெண்கள் எங்கே போனார்கள்? கிரிம் சகோதரர்களுக்குக் கதை சொன்னவர்களில் பெண்களே அதிகம். காஸல் நகரத்து வில்ட், ஹாஸன்ஃப்ளுக் குடும்பங்களின் இளம்பெண்கள், அந்த ஊருக்குப் பக்கத்துக் கிராமத்துத் தையற்காரரின் மனைவி தோரொதேயா ஃபீமன் என்று பட்டியல் நீள்கிறது. 1812-க்கும் ஏழாவது பதிப்பு வந்த 1857-க்கும் இடையில் வில்ஹெல்ம் கிரிம் கதைகளைத் திருத்திக்கொண்டே இருந்தார். முதல் பதிப்பில் ராபுன்செல் தன் உடை ஏன் இறுகிக்கொண்டே போகிறது என்று கள்ளமில்லாமல் கேட்கிறாள். அவள் கருவுற்றிருப்பது அதில் தெரிகிறது. பின்வந்த பதிப்புகளில் அந்தக் கேள்வி மறைந்தது. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லத் துடித்தவள் முதல் பதிப்பில் பெற்ற தாய், 1819-இல் சிற்றன்னையானாள். பதிப்புக்குப் பதிப்பு நல்ல பெண்களின் நேர்ப்பேச்சு குறைந்து, சூனியக்காரிகளின் பேச்சு நீண்டதை ரூத் பாட்டிக்ஹைமர் 1987-இல் எழுதிய ஆய்வு நூலில் எடுத்துக்காட்டினார்.

பிறகு சினிமா வந்தது. வால்ட் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ 1937, ‘சிண்ட்ரெல்லா’ 1950, ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ 1959. நூற்றுக்கணக்கான கதைகள் இருக்க, உலகம் முழுக்க இந்த மூன்று முகங்களே பதிந்தன. ஸ்னோ ஒயிட்டின் அழகைக் கண்ணாடி புகழ்ந்தபோது கிரிம் கதையில் அவளுக்கு ஏழு வயது. கச்சைக் கயிறு, சீப்பு, ஆப்பிள் என்று மூன்று முறை ஒரே விதமாக ஏமாறுவதற்கு அந்த வயது காரணமாகலாம். அவளை நாயகிகளுக்கெல்லாம் இலக்கணமாக்கியதுதான் அநியாயம். கிரிம் கதையின் சிண்ட்ரெல்லாவுக்கு வரம் தரும் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் ஒரு கிளையை நட்டு, கண்ணீர் விட்டு மரமாக வளர்த்தவள் அவள். விருந்துக்குத் தானே போய், தானே திரும்பி, புறாக்கூண்டிலும் பேரிக்காய் மரத்திலும் ஒளிந்து, இளவரசனைத் தேட வைத்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கும் கதை

நம் பக்கத்திலும் இந்தத் தடம் இருக்கிறது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் கன்னடப் பெண்கள் சொன்ன கதைகளைப் பல ஆண்டுகள் சேகரித்தார். ஆணை நடுவில் வைத்த கதை கல்யாணத்தில் முடிகிறது. பெண்ணை நடுவில் வைத்த கதையில் பெரும்பாலும் கல்யாணம் தொடக்கத்திலோ நடுவிலோ வந்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் அவளுடைய உண்மையான சோதனை என்று அவர் கவனித்தார்.

அவர் சேகரித்த ‘பூக்கும் மரம்’ அதற்குச் சான்று. ஏழைத் தாயின் கஷ்டத்தைக் குறைக்க ஒரு பெண் பூமரமாக மாறுகிறாள். இரண்டு குடம் தண்ணீர், நகம் படாத கவனம், கிளை ஒடியாத பக்குவம் வேண்டும். அரசகுமாரன் அவளை மணக்கிறான். அவன் தங்கை வேடிக்கைக்காகத் தோழிகளோடு அவளை மரமாக மாறச் சொல்லி, கிளைகளை ஒடித்துப் போட்டுவிடுகிறாள். கையும் காலும் இல்லாத உருவாகக் கிடந்தவளை அவன் வெகுகாலம் கழித்துக் கண்டுபிடிக்கிறான். எப்படி மீள்வது என்று அவள்தான் அவனுக்குச் சொல்லித்தருகிறாள். ஒடிந்த கிளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டி, அவன் தண்ணீர் ஊற்றுகிறான். தன் மலர்ச்சியை யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற கேள்வியைப் புகுந்த வீட்டுக்குப் போன பெண்களைவிட நன்றாக யார் கேட்டிருக்க முடியும்? இந்தக் கதையை அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் 2006-இல் இசை நாடகமாக்கி வியன்னாவில் அரங்கேற்றினார்.

மகளுக்கு எந்தக் கதை?

பிரான்ஸின் கிராமத்துப் பெண், வாசிலிசா, கெர்டா, நார்வேயின் பெயரில்லாதவள், பூமரமானவள் ஆகிய ஐந்து பேரும் ஒரே பாடத்தை வெவ்வேறு விதமாகப் படிக்கிறார்கள். யாரை நம்புவது, எதைக் கேட்பது, எப்போது கிளம்புவது, தவறிவிட்டால் எப்படிச் சரிசெய்வது. இளவரசன் சிலருக்கு வருகிறான், சிலருக்கு வருவதில்லை. அவர்கள் வளர்ந்ததற்கு அவன் காரணமும் இல்லை, அளவுகோலும் இல்லை.

தேவதைக் கதைகள் பெண் குழந்தைகளைக் காத்திருக்கப் பழக்குகின்றன என்று 1970-களில் மேற்கத்தியப் பெண்ணியர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு, பிரபலமான நாலைந்து கதைகளைப் பொறுத்தவரை நியாயமானது. அதற்காகக் கதை சொல்வதையே நிறுத்திவிடுவது விதைநெல்லைக் கொட்டிவிடுவதற்குச் சமம். சொல்லாமல் விட்ட கதைகளைத் தேடிச் சொல்வதுதான் வழி. சிவப்புத் தொப்பிக் கதை சொன்னால் இரண்டாவது ஓநாயையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாபா யாகாவின் வீட்டில் நீயாக இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று கேளுங்கள். மகன் இருந்தால் அவனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டும் கைகளைப் பற்றி அவன் கேட்டாக வேண்டும். பயமான இடங்களைத் தவிர்க்க வேண்டாம். காடு இருட்டாக இருந்தால்தான் அதைக் கடந்தவளின் துணிவு பிள்ளைக்குப் புரியும்.

யாரை நம்பலாம் என்று அறியும் புத்தியை ஒருவர் இன்னொருவருக்கு எடுத்துக் கொடுத்துவிட முடியாது. பழகிப் பழகித்தான் வரும். வாழ்க்கையில் அதைப் பழகுவதற்குக் கொடுக்கும் விலை பெரிது. கதையில் பழகினால் காயம் இல்லை. அதனால்தான் நூலும் ராட்டையுமாக உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் பெண்களுக்கு இந்தக் கதைகளைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதைக் குறைக்காமல், மென்மையாக்காமல், முழுதாக நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு இப்போது நம்முடையது.